முந்நூற்று எழுபது

நாலாம் மாடி முழுக்க அதன் குளிர்.
கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே போவோம்,
வெளியே வந்தால் கோட்டை வெயில் முகத்தில் அறையும்.
காப்புறுதிக் கந்தோரின் கணக்கெல்லாம் அதன் வயிற்றில்.
அரை மணி நேரம் கேட்க
மூன்று மனேஜர்மாருக்குக் கடிதம் எழுதவேண்டும்.

பிறகு துறைமுகத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது.
சுங்கத்தில் நிஜாமுதீன் கேட்டாராம்,
இது ரேடியோவா, டெலிவிஷனா?
அவருடைய பட்டியலில் மூன்றாவது வகை இருக்கவில்லை.

மேர்வின் யான்ஸ் மூடியைக் கழற்றிக் காட்டினார்.
மூன்று அட்டைகள்.
"இந்தச் சில்லு அறுபத்தெட்டாயிரம். சந்தைச் சரக்கு.
ஆனால் உள்ளிருந்த நுண்கட்டளையை அழித்து
வேறு எழுதியிருக்கிறார்கள்.
பிறந்த பாஷை இதற்கு மறந்துபோச்சு.
மேல்மாடிக்காரன் பேச்சுக்கு மட்டும்தான் பதில் சொல்லும்."
பக்கத்தில் இன்னொன்று, அவ்வளவாகக் கை வைக்காதது,
முதலாவது இடறினால் தூக்கிவிட.
புள்ளி வைத்த எண்களுக்கு மூன்றாவது.

மெதுவு. மேலே பத்து நிமிஷ வேலையை
மேசையில் வைத்து
மத்தியானச் சாப்பாடு தாண்டியும் முனகும்.
ஆனால் கடிதம் வேண்டாம்!

மேசைப் பெட்டிக்கு 'ஏ' என்றால் அறுபத்தைந்து.
முந்நூற்று எழுபதுக்கு அதே 'ஏ' நூற்றுத் தொண்ணூற்று மூன்று.
ஒரே கூட்டுக்குள் இரண்டு கணக்கு.
அதன் கணக்கில் 'ஐ' முடிந்து 'ஜே' வரமுன் ஏழு இடம் வெறுமை.
'ஆரு'க்கும் 'எஸ்ஸு'க்கும் நடுவே எட்டு.
ஏன் என்றேன்.
"துளையட்டைக் காலத்து விஷயம்,
யாரும் வந்து இருக்கவில்லை" என்றார் மேர்வின்.
எண்பத்துமூன்று ஆடிக்குப் பிறகு
எங்கள் பகுதிக் கதிரைகளை நான் எண்ணினதில்லை.

எண்பத்தொன்பது. கோட்டையில் பஸ் இல்லை, ஆள் இல்லை,
நாளை ஊரடங்கு, நாளைக்கே சம்பளம்.
பெட்டியைப் போர்வையில் சுற்றி
ஓட்டோவின் பின்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டேன்.
காலிமுகத்திடலில் உப்புக்காற்று.
போர்வையை இன்னும் இறுக்கினேன்.

கொள்ளுப்பிட்டியில் மறித்தான் ஓர் ஆமிப் பொடியன்.
மொகக்த மே?
கொம்பியூட்டர் எகக், மஹத்தயா.
ஒரு நாலாம் மாடி என்று சொல்லியிருக்கலாம்.
என் சிங்களம் எங்கும் இடறவில்லை.
உள்ளே அழித்து வேறு எழுதியிருந்தது.
எழுதியவள் நான்தான், ஆறு வருஷம்,
நூற்றொரு பஸ்ஸின் ஜன்னலோரத்தில்.
அடையாள அட்டையைத் திருப்பினான்.
அதில் இரண்டு லிபி.
பெட்டியை ஒருமுறை பார்த்தான்,
என்னை ஒருமுறை.
பாரமா என்று கேட்டான்.
ஓம் என்று தலையாட்டினேன்,
அந்த ஒரு சொல்லை வாயால் சொல்லப் பயந்து.

வெள்ளவத்தையில் விடிய விடிய ஓடியது.
முதல் ரயில் கடலோரம் போகும்போது
ஊசிப் பிரிண்டர் பட்டியலைத் துப்பத் தொடங்கிற்று.
நூற்றுப் பன்னிரண்டு பெயர்.
இரத்தினசபாபதி, தேறிய சம்பளம் சைபர்.
நவமணி பொன்னுத்துரை, சைபர்.
செல்வநாயகி, சைபர்.
நீக்கச் சொல்லி எவரும் எழுத்தில் தரவில்லை.
எழுத்தில் தராமல்
இந்தக் கந்தோரில் எதுவும் நடக்காது.

அதற்குப் பிறகு ஏ.டி. வந்தது, இன்னும் கெட்டி அட்டைகள் வந்தன,
ஒரு நாள் அட்டையே வேண்டாம் என்றார்கள்,
மடிக்கணினியில் வெறும் நிரலாய் அந்த மாடி முழுதும் ஓடுமாம்.
முதல் மூன்று அட்டைகளையும்
பஞ்சிகாவத்தையில் யாரோ
தங்கத்துக்காக உரித்திருப்பார்கள்.

மேர்வின் மெல்பேணிலிருந்து எழுதுகிறார்,
ஓட்டிப் பார்த்தாராம்.
'ஆர்' முடிந்து 'எஸ்' வரமுன்
அந்த எட்டு இடமும் அப்படியே கிடக்கிறதாம்.